பழைய வால்பேப்பரை உரிக்க மதுரையில் யார் என்ன கேட்கிறார்கள்

வால்பேப்பர் ஒட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டால் மதுரையில் பட்டென்று பதில் வரும். உரிக்க எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், போனில் ரெண்டு விநாடி சத்தமே இருக்காது, அப்புறம் "வந்து பாத்துட்டுதான் சார் சொல்லணும்" என்பார்கள். நான் கேட்ட எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு ரேட்டு சொன்னார்கள், அதுவும் ஒருவர் சதுர அடியில், ஒருவர் நாள் கூலியில், ஒருவர் மொத்தமாக, எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்றே தெரியாதபடி.

வீடு நத்தம் ரோட்டில், ஊமச்சிகுளத்துக்குக் கொஞ்சம் முன்னால். படுக்கையறை முழுக்கப் பூப்போட்ட வினைல் வால்பேப்பர், ஒட்டி எட்டு வருஷம் ஆகிறது. ஹாலில் டிவி இருக்கும் சுவரில் மட்டும், செங்கல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்குமே, அந்த ஃபோம் ஷீட். 2020 லாக்டவுனில் ஆன்லைனில் வாங்கி நானும் மச்சினனும் பொழுது போகாமல் ஒட்டியது. கதவு ஜன்னல் கழித்துப் படுக்கையறை 340 சதுர அடி, ஹால் சுவர் 120. மொத்தம் 460. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 460-க்குத்தான். உங்கள் வீட்டை நீங்களே டேப் பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அளவை வருகிறவரிடம் விட்டால் ஜன்னலும் சுவர்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதலில் கூப்பிட்டது வால்பேப்பர் ஒட்டுகிறவரை. உரிக்க மட்டும் என்றால் சதுர அடிக்கு 8 ரூபாய், ஆக 3,680. புதுசு ஒட்டினால் உரிப்பது இலவசம். இந்த இலவசத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு ரோல் 21 அங்குல அகலம், 33 அடி நீளம், கணக்குப்படி 57 சதுர அடி; பூ டிசைனைப் பக்கத்துத் துண்டோடு பொருத்தி வெட்டும்போது வீணாவது போக ஐம்பதுதான் தேறும். எனக்குப் பத்து ரோல். அவர் சொன்ன சுமாரான ரகம் ரோலுக்கு 1,400, ஒட்டுக்கூலி 400, மொத்தம் 18,000. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. உரிக்கிறேன் என்று அவர் காட்டியது மேலே இருக்கும் வினைல் தோலை மட்டும்தான். அது சர்ரென்று வந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும். அடியில் ஒரு வெள்ளைத் தாள் பசையோடு சுவரிலேயே நிற்கும். "அது இருந்தா புது பேப்பர் நல்லா பிடிக்கும் சார்" என்றார். சுவர் வறண்டு, அந்தத் தாளும் இறுக்கமாக ஒட்டியிருந்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. பெயின்ட் அடிக்கப் போகிற எனக்கு அது பாதி வேலை, பாதி வேலைக்கு 3,680.

அடுத்து ஒரு பெரிய பெயின்டிங் சர்வீஸ். டேப்லெட்டோடு ஒரு தம்பி வந்தார், சுவரில் ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தார், மரியாதையாகப் பேசினார். உரிக்கிற வேலையைத் தனியாக எடுப்பதில்லை. உரித்து, பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு), பிரைமர் (பெயின்டுக்கு முந்தின அடிக்கோட்டு), ரெண்டு கோட்டு எமல்ஷன் பெயின்ட் வரை சேர்த்து சதுர அடிக்கு 52, அதாவது 23,920. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 28,200 சொச்சம். சாமான்களை மூடுவது, கடைசியில் பெருக்கித் துடைப்பது எல்லாம் அதில் அடக்கம், எழுத்தில் வாரன்டியும் உண்டு. வேலைக்குப் போகும் கணவன் மனைவி, பெரிய வீடு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றால் இது சரிதான். ஒண்ணரை அறைக்கு எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது, காண்ட்ராக்ட் எடுக்கிற மேஸ்திரி. உரிக்க மட்டும் 12, இல்லை உரிப்பதிலிருந்து கடைசி கோட்டு வரை மெட்டீரியலோடு 38, ஆக 17,480. கேட்டதும் இவரே போதும் என்றுதான் தோன்றியது. துண்டுச்சீட்டில் ரேட்டை எழுதிக் கொடுத்துவிட்டுச் செருப்பைப் போடும்போது சொன்னார், "பட்டி டச்சப்தான் இதுல வரும், சேதாரம் ஜாஸ்தியா இருந்தா முழுசா பட்டி பாக்கணும், அதுக்கு அடிக்குப் பத்து ரூவா தனி." அந்தப் பத்து ரூபாய் 4,600. சேர்த்தால் 22,080. சேதாரம் ஜாஸ்தியா கம்மியா என்று முடிவு பண்ணப் போவதும் அவரே.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தாளை உரிப்பது எல்லாருக்கும் சின்ன வேலை. தாளோடு பட்டி பெயர்ந்து வந்தால் அது யார் செலவு என்பதில்தான் ரேட்டு ஏறி இறங்குகிறது. சுவரில் பட்டி பார்த்து பிரைமர் அடித்த பிறகு ஒட்டியிருந்தால் தாள் தனியாக வரும். பிரைமர் இல்லாமல் பட்டி மேலேயே ஒட்டியிருந்தால், அல்லது பழைய டிஸ்டம்பர் மேல் ஒட்டியிருந்தால் சுவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். ஒட்டியவர் பிடிமானத்துக்காகப் பசையில் ஃபெவிக்காலைக் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ள யாரும் வர வேண்டியதில்லை. அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் ஒரு சாண் அளவுக்கு உரித்துப் பார்த்தால் போதும். நான் மேஸ்திரி போன பிறகுதான் பார்த்தேன். அப்பளம் கனத்துக்குப் பட்டி தாளோடு வந்தது.

நாள் கூலிக்கு வந்தவர் செக்கானூரணிக்காரர், ஐம்பது வயசிருக்கும், நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னை சார் என்றார். பெயின்டருக்கு 1,100, கூட ஒரு கையாளுக்கு 750. "பேப்பர உரிக்கிறது ஒரு வேலையே இல்ல சார், செவத்தக் கழுவுறதுதான் வேலை" என்றார். சொன்னது போலவே செய்தார். மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பாக்ஸ் மேல் கவர் ஒட்டினார், வினைல் தோலை ஒரு மணி நேரத்தில் இழுத்துப் போட்டார், அப்புறம் வெந்நீரை ஸ்ப்ரேயில் ஊற்றி அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குப் பதற்றம், கூலி ஓடுகிறதே என்று. கால் மணி நேரத்தில் வெள்ளைத் தாள் சாம்பல் நிறத்துக்குக் கறுத்து, அங்கங்கே கொப்புளம் விட்டிருந்தது. பட்டி பிளேடைச் சுவரோடு படுக்க வைத்துத் தள்ளினார், தாள் தோசை மாதிரி சுருண்டு வந்தது. பிளேடைக் கொஞ்சம் நிமிர்த்தினாலும் பட்டியில் கீறல் விழும். கையாள் அதைச் செய்து இரண்டு திட்டு வாங்கினான். தாள் போன பிறகு ஸ்பாஞ்சால் ரெண்டு தடவை கழுவினார்கள். ஈரச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும், வழவழவென்று இருந்தால் பசை இன்னும் போகவில்லை, அதன் மேல் பெயின்ட் அடித்தால் பின்னால் வெடிக்கும்.

இப்படி ரெண்டு நாள், கூலி 3,700, டீ வடை செலவு 200. நாள் கூலியில் இருக்கிற பயம், வேலையை இழுப்பார்களே என்பதுதான். அது நியாயமான பயம். அதனால் முதல் நாள் ராத்திரியே சாமான்களை நானும் பையனுமாக வெளியே எடுத்து வைத்துவிட்டோம், வந்தவர்கள் எட்டரைக்கெல்லாம் சுவரில் கை வைத்தார்கள். கட்டில் நகர்த்துவதற்கும் உங்கள் காசில்தான் 1,850 ஓடுகிறது.

பாத்ரூமை ஒட்டிய சுவரில் தரையிலிருந்து ஒண்ணரை அடிக்குக் கறுப்பாகப் பூசணம், பட்டி மாவு மாவாக உதிர்ந்தது. ஓதம். எட்டு வருஷம் முன்னால் அந்தக் கறையை மறைக்கத்தான் வால்பேப்பரே ஒட்டினோம் என்பதை வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் சுவரும் இப்படி என்றால் எந்த ரேட்டும் செல்லாது, பாத்ரூம் டைல்ஸ் இடுக்கையோ குழாயையோ சரி பண்ணாமல் மேலே என்ன செய்தாலும் வீண். எனக்கு நல்லவேளை டைல்ஸ் இடுக்கோடு முடிந்தது.

ஹால் கதைக்கு வருகிறேன், அது என் முட்டாள்தனம். ஃபோம் ஷீட் தானே, நாமே உரித்துவிடலாம் என்று பெயின்டர் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கையாள் ஒருவரை மட்டும் 700-க்குக் கூப்பிட்டுக்கொண்டு நானே இறங்கினேன். சொந்தமாகச் செய்வதுதான் எல்லாவற்றிலும் மலிவு, ஆள் கூலி, பிளேடு, ஸ்ப்ரே பாட்டில் எல்லாம் சேர்த்தே ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஷீட்டின் பசைக்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது. சூடு காட்டினால்தான் இளகும். மத்தியானம் வரை தண்ணீர் அடித்துச் சுரண்டி, சுவரெல்லாம் பள்ளமான பிறகுதான் ஹேர் டிரையர் ஞாபகம் வந்தது. மிச்சப் பசையைத் துடைக்க மண்ணெண்ணெய் போடச் சொல்வார்கள், போடாதீர்கள், அந்த எண்ணெய்க் கறை மேல் பெயின்ட் பிடிக்காது. தாள் வால்பேப்பர் என்றால் சொந்தமாகச் செய்யுங்கள், நானே செய்வேன். ஃபோம் ஷீட் என்றால் அதற்கான ரேட்டைத் தனியாகக் கேளுங்கள், 120 சதுர அடிதானே என்று யாராவது மொத்தத்தோடு சேர்த்துச் சொன்னால் அவர் இன்னும் உரித்துப் பார்க்காதவர்.

நேரத்துக்கும் ரேட்டில் பங்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நனைத்த சுவர் ஒரு வாரம் ஆனாலும் காயாது, காயாமல் பட்டி பார்த்தால் திரும்ப உதிரும். மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலை குவிந்து கிடக்கும், நல்ல பெயின்டர் போனையே எடுக்க மாட்டார். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் ஆள் தேடுவதும் வீண்தான். நான் ஆடியில் செய்தேன். அடித்த காற்றில் மூன்றாம் நாளே சுவர் வெளுத்துவிட்டது.

கடைசிக் கணக்கு: ஹாலுக்கு ஆயிரம், படுக்கையறை உரிக்க 3,900. அப்புறம் அதே அண்ணனிடம் பட்டி முதல் பெயின்ட் வரை கூலி மட்டும் சதுர அடிக்கு 14 என்று பேசி 6,440, மெட்டீரியல் நான் வாங்கியது 7,000-க்குப் பக்கம். 18,340. மேஸ்திரி முதலில் சொன்ன 17,480-ஐ விடக் கூட, செருப்புப் போடும்போது சொன்ன 22,080-ஐ விடக் குறைவு. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு அந்தச் செங்கல் ஷீட் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க அண்ணன் 300 கேட்டார், ஸ்டாண்டை நகர்த்தி மறைத்துவிட்டேன்.