10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50: நம் வெயிலுக்கு எந்த ஆயில்?

வெயில் ஊரில் ஓடும் வண்டிக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்பது நம் பட்டறைகளில் ஏறக்குறைய வேதவாக்கு. ஹீரோ ஸ்பிளெண்டரின் கையேடு 10டபிள்யூ-30 என்று சொன்னாலும், மூன்றாவது, நான்காவது சர்வீசுக்குள் அதற்கு 20டபிள்யூ-40 ஊற்றப்பட்டுவிடுவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மெக்கானிக் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி உண்மை.

இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் வரையறைப்படி 30 என்பது 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை. 40 என்பது 16.3 வரை, 50 என்பது 21.9 வரை. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிர்காலத்துக்கானது. 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கப்படுகின்றன. ஊட்டியிலேயே அவ்வளவு குளிர் கிடையாது என்பதால் இந்த எண் நமக்குத் தேவையில்லை என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் தவறு அங்கேதான் நுழைகிறது. சாதாரண 40 டிகிரியில் 10டபிள்யூ-30 சுமார் 70 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும்போது, 20டபிள்யூ-40 ஏறத்தாழ 120, 20டபிள்யூ-50 ஏறத்தாழ 160 இருக்கும். அதாவது மே மாதக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், பம்ப் ஏறத்தாழ 1.7 மடங்கு (20டபிள்யூ-40) முதல் 2.3 மடங்கு (20டபிள்யூ-50) வரை கெட்டியான ஆயிலை நுண்ணிய துளைகள் வழியாக எஞ்சினின் தலைப்பகுதியில் வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும் ராக்கருக்கும் ஏற்றியாக வேண்டும். முதல் சில நொடிகள் மேலே கேட்கும் 'டக் டக்' ஒலி சற்று நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சூடேறிய பிறகு நிலைமை மாறுகிறது. காற்றால் குளிரும் எஞ்சின் சிக்னலில் நின்று நின்று நகரும்போது ஆயில் இளகும். அப்போது 50 கிரேடு தடித்த படலமாக நிற்கும் என்பது மறுக்க முடியாத நன்மை. எனினும் 100 சிசி ஸ்பிளெண்டர் வகை எஞ்சின்களில் கிராங்க் பந்து பேரிங்குகளிலும், கனெக்டிங் ராடின் பெரிய முனை ஊசி ரோலர்களிலும் சுழல்வதால், பந்தோ ரோலரோ இல்லாத காரின் மெட்டல் பேரிங்குகளைப்போல அவை தடித்த படலத்தை நம்பி இருப்பதில்லை. எனவே மிகுதியான கெட்டித்தன்மையால் அங்கே கிடைக்கும் லாபம் குறைவு. இழுவை கூடுவதால் மைலேஜும் சற்றுக் குறையும்.

பல்சர் 150-க்குத் தயாரிப்பாளரே 20டபிள்யூ-50 சொல்கிறார். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கும் அதுவே பொருந்தும். அந்த எஞ்சின்களில் 10டபிள்யூ-30 ஊற்றுவதும் அதே அளவுக்குப் பிழைதான்.

20டபிள்யூ-40 இடைப்பட்டது என்றாலும் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 20டபிள்யூ-50-ஐவிட இரண்டு எண்களுக்கும் இடைவெளி குறைவாக இருப்பதால் பாகுத்தன்மையைத் தூக்கி நிறுத்தும் பாலிமர்கள் அதில் குறைவாகவே தேவைப்படுகின்றன. நம் பைக்குகளில் கியர்பாக்ஸும் அதே ஆயிலில் ஓடுவதால், பற்களுக்கிடையே நறுக்கப்பட்டு வீணாவது அந்தப் பாலிமர்தான். கையேடு அனுமதிக்கும் வண்டிகளுக்கு, நெடுந்தூரம் சுமையோடு ஓட்டுவோர் இதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த எண்ணாக இருந்தாலும், பின்பக்க லேபிளில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியே இயங்குவதால், உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலோ, ஸ்கூட்டருக்கான எம்பி ஆயிலோ ஊற்றினால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

என் முடிவு இதுதான்: புதிய 100–125 சிசி வண்டிக்குக் கையேடு சொல்லும் 10டபிள்யூ-30. அதிகம் ஓடி ஆயில் குடிக்கத் தொடங்கிய வண்டிக்கு 20டபிள்யூ-40 சில மாதங்கள் கைகொடுக்கும். ஆனால் சைலன்சரில் நீலப் புகை தெரிந்தால் ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்கச் சொல்லுங்கள், 50-க்குத் தாவாதீர்கள்.