கடித்துத் தின்பதா, பிழிந்து குடிப்பதா? ஆப்பிளை இரண்டு விதமாகவும் பார்த்துவிட்ட ஒருவரின் கணக்கு

இரண்டு வருடம் விடாமல் காலையில் ஆப்பிள் ஜூஸ் குடித்தவன் நான். இப்போது ஜூஸர் அலமாரியின் மேல்தட்டில் துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது. ஆப்பிள் மட்டும் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை, கடித்துத் தின்கிறேன். ஆகவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். கட்சி மாறியவன் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் வேகமாகக் கடந்துவிடலாம். ஆப்பிளில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர்தான். சுமார் 180 கிராம் எடையுள்ள நடுத்தரப் பழம் ஒன்றில் 95 கலோரி, 19 கிராம் சர்க்கரை, தோலோடு தின்றால் 4 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து. கொஞ்சம் பொட்டாசியம் உண்டு. வைட்டமின் சி கணக்கில் ஆப்பிள் பெரிய வள்ளல் இல்லை. 8 மில்லிகிராம் அளவில்தான் வரும், பெரியவர்களின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அது இரும்புச்சத்து என்று என் வீட்டிலும் சொல்லி வளர்த்தார்கள். அது இரும்பு இல்லை. பழத்தில் இயற்கையாக உள்ள பாலிஃபீனால் என்ற பொருள்கள் காற்றுப் பட்டு, ஒரு நொதியின் உதவியால் நிறம் மாறுகின்றன, அவ்வளவுதான். இரும்புக்காக ஆப்பிள் தின்பவர் வேறு ஏதாவது தேடுவது நல்லது.

‘தினம் ஓர் ஆப்பிள், டாக்டரே வேண்டாம்’ என்ற வாசகத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1866-இல் வேல்ஸ் பகுதிப் பழமொழியாக அச்சில் வந்தது அது. அப்போது வாசகம் சற்று வேறு, படுக்கப் போகும்போது ஆப்பிள் தின்றால் டாக்டரின் பிழைப்பு கெடும் என்று இருந்தது. 2015-இல் அமெரிக்காவில் 8,399 பெரியவர்களின் தகவலை எடுத்து இதை உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள். படிப்பு, வருமானம், உடல்நிலை போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது, தினமும் ஆப்பிள் தின்றவர்கள் டாக்டரிடம் போவது ஒன்றும் குறையவில்லை. மருந்துச்சீட்டு மாத்திரைகள்தான் கொஞ்சம் குறைவு. ஆப்பிள் மருந்து இல்லை, நல்ல பழம். இந்த அளவில் நின்றுகொண்டு பேசினால் போதும்.

சரி, ஜூஸுக்கு வருவோம். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. காலையில் மென்று தின்ன நேரமில்லை. மூன்று பழத்தைப் போட்டால் பெரிய டம்ளர் நிறையும். நின்றபடியே இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டுக் கிளம்பலாம். மூன்று ஆப்பிளின் சத்தை ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டோம் என்ற திருப்தி வேறு. பிறகு சல்லடையைக் கழுவுவதுதான் தொல்லை. அதன் கண்களில் அடைத்துக்கொண்ட சக்கையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அதைத் தேய்த்த இரண்டு வருடத்தில், குப்பைக்குப் போவது என்ன என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

குப்பைக்குப் போனதுதான் விஷயமே. 250 மில்லி ஆப்பிள் ஜூஸில் நார்ச்சத்து அரை கிராம் அளவுதான். சர்க்கரை மட்டும் 24 கிராம், பத்திரமாக டம்ளருக்கு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பழச்சாற்றின் சர்க்கரையை, தேன், வெல்லப்பாகு, டப்பா பானங்களின் சர்க்கரையோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை அந்தக் கணக்கில் வராது. அந்த வரிசையில் உள்ளவை மொத்த கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறார்கள். ஐந்து சதவீதம் என்பது ஒரு நாளைக்கு 25 கிராம் சுமார். என் பெரிய டம்ளர் காலையிலேயே அதைத் தாண்டிவிட்டது. ‘நான் சர்க்கரையே போடுவதில்லை’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னை மாற்றியது சர்க்கரைக் கணக்கு இல்லை. பசி.

ஏழரை மணிக்கு ஜூஸ் குடித்தால் பத்து மணிக்கு வயிறு கூப்பிட்டுவிடும். சாதாரணப் பசியாக இருக்காது. கை லேசாக நடுங்குவது போல, எதையாவது உடனே வாயில் போட வேண்டும் போல இருக்கும். பிஸ்கட்டோ வேறு எதுவோ, கைக்குக் கிடைத்தது உள்ளே போகும். ஜூஸர் பழுதான வாரத்தில், வாங்கி வைத்த பழம் வீணாகக் கூடாதே என்று கடித்துத் தின்ன ஆரம்பித்தேன். மூன்று தின்ன முடியவில்லை. ஒன்றரையிலேயே போதும் என்றாகிவிட்டது. பத்து மணி வந்தது, போனது. பிஸ்கட் நினைவே வரவில்லை.

ஒருவனின் வயிறு ஆதாரமாகாது என்பது தெரியும். பிறகு தேடிப் படித்தபோது, இதே கேள்வியை 1977-இலேயே பிரிட்டனில் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், கூழாகவும், சாறாகவும் வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்) அளவு ஒன்றே, 60 கிராம். முழுப் பழத்தைத் தின்று முடிக்க 17 நிமிடம், கூழுக்கு 6, சாற்றுக்கு ஒன்றரை நிமிடம். வயிறு நிறைந்த உணர்வு பழத்தில் அதிகம், கூழில் குறைவு, சாற்றில் மிகக் குறைவு. இதைவிட எனக்கு உறைத்தது அடுத்த தகவல். ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, சர்க்கரை பிறகு சடாரென்று கீழே இறங்கியது. கூழில் இந்தச் சரிவு குறைவு, முழுப் பழத்தில் இல்லை. என் பத்து மணி நடுக்கத்துக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் நான் சர்க்கரை அளந்து பார்த்ததில்லை. படித்தபோது என் கதையை யாரோ எழுதி வைத்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

2009-இல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் நேரடியானது. 58 பேர். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஆப்பிள் துண்டுகள், கூழ், சாறு என்று கலோரி மாறாமல் கொடுத்தார்கள். எதுவும் தராத நாளோடு ஒப்பிட்டால், ஆப்பிள் துண்டு தின்ற நாளில், அந்த ஆப்பிளின் கலோரியையும் சேர்த்தே, மொத்தம் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். சாற்றில் நார்ச்சத்தைத் தனியாகக் கலந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பழத்துக்கு அது ஈடாகவில்லை. ஆகவே நார்ச்சத்து மட்டும் பேச்சில்லை. அது பழத்துக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, பல் அதை எவ்வளவு நேரம் உடைக்கிறது என்பதும் சேர்த்தி. ஆப்பிளின் சர்க்கரை செல் சுவர்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. மென்று விழுங்கிய துண்டுகளும், பிசினாகும் பெக்டின் என்ற நார்ச்சத்தும் வயிற்றிலிருந்து மெல்லத்தான் கீழே இறங்கும். ‘போதும்’ என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேர அவகாசம் கிடைக்கிறது. ஒன்றரை நிமிடத்தில் டம்ளரைக் கவிழ்த்தால் அந்தச் சேதி எப்போது போவது? ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்றவர்கள் இன்சுலினை அளக்கவில்லை; மெல்லும் வேலையின் அருமை தெரிந்திருந்தது.

கொலஸ்ட்ராலிலும் கதை இதே பக்கம்தான் போகிறது. டென்மார்க்கில் 23 பேரை நான்கு வாரம் முழுப் பழம், நான்கு வாரம் தெளிந்த ஜூஸ் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், 2013-இல் வெளிவந்தது. தெளிந்த ஜூஸ் காலத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல், முழுப் பழக் காலத்தைவிட ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல். ஆட்கள் குறைவு, ஆகவே எண்ணைக் கல்வெட்டாக்க வேண்டாம். 2020-இல் வந்த ஓர் ஆய்வில், எல்டிஎல் சற்றுக் கூடியிருந்த 40 பேர் எட்டு வாரம் தினம் இரண்டு ஆப்பிள் தின்றபோது, அதே அளவு சர்க்கரையுள்ள ஆப்பிள் பானம் குடித்த காலத்தைவிட எல்டிஎல் கொஞ்சம் குறைந்தது. நீரிழிவைப் பொறுத்தவரை, ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மருத்துவப் பணியாளர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வந்தது. ஆப்பிள், திராட்சை, புளூபெரி போன்ற முழுப் பழங்களை அதிகம் தின்றவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் வந்திருந்தது. பழம் தின்பவர் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்பவராக இருப்பார் என்ற சந்தேகம் இதுபோன்ற ஆய்வில் எப்போதும் உண்டு. ஆனாலும் திசை மாறவில்லை.

தோல் பற்றி இரண்டு வார்த்தை. சீவினால் நார்ச்சத்தில் பாதி போய்விடும். க்வெர்செட்டின் போன்ற பாலிஃபீனால் பொருள்களும் தோலில்தான் அதிகம். மெழுகு, பூச்சிமருந்து என்று பயந்து நானும் சீவிக்கொண்டிருந்தேன். இப்போது சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுகிறேன். 2017-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில், மேற்பரப்பில் இருந்த இரண்டு பூச்சிமருந்துகளை இந்த முறை வெறும் தண்ணீரைவிட நன்றாக நீக்கியது. தோலுக்குள் ஊறிப் போனதை அது எடுக்காது. எனக்கு இது போதும். உங்களுக்குப் போதாது என்றால் சீவித் தின்னுங்கள், ஜூஸைவிட அதுவும் மேல்.

கூழும் மிக்ஸியில் அடித்த ஸ்மூத்தியும் நடுவில் நிற்கின்றன. இரண்டையும் நான் அவ்வப்போதுதான் சாப்பிட்டிருக்கிறேன், அதனால் அடக்கியே பேசுகிறேன். ஸ்மூத்தியில் சக்கை உள்ளேயே இருக்கிறது, அது பெரிய வித்தியாசம். 2022-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், பிளாக்பெரியோடு சேர்த்து அடித்த ஆப்பிள், கடித்துத் தின்றதைவிடச் சர்க்கரையைக் குறைவாகவே ஏற்றியது. பிளாக்பெரியின் விதைகள் அரைபட்டது காரணமாக இருக்கலாம். என் கட்சிக்குச் சாதகமில்லாத தகவல், அதனால்தான் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த ஆப்பிளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பொட்டலத்தைத் திறந்தால் மூடத் தோன்றாது.

ஜூஸ் உண்மையாகவே ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. நீரிழிவுக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிட்டால், சுமார் 120 மில்லி ஆப்பிள் ஜூஸ், அதாவது 15 கிராம் மாவுச்சத்து, கைகொடுக்கும். அந்த நேரத்தில் ஆப்பிளைக் கையில் கொடுத்து மெல்லச் சொல்வது முட்டாள்தனம். நாம் குறை சொன்ன அதே வேகம் அங்கே உயிர் காக்கும்.

கடிப்பது எல்லாருக்கும் ஆகாது என்பதும் உண்மை. நான்கு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வேகவைக்காத ஆப்பிள் துண்டு தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. துருவியோ வேகவைத்தோ கொடுக்க வேண்டும். அதற்காக ஜூஸுக்குப் போகவும் கூடாது: ஒரு வயது வரை பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் சொல்லிவிட்டது. பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை உள்ள சிலருக்கு வேகவைக்காத ஆப்பிள் தின்றால் வாயும் உதடும் அரிக்கும். வேகவைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வயிறு உப்பும் தொந்தரவு உள்ளவர்களுக்கு, ஆப்பிளில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் எந்த வடிவத்தில் போனாலும் வம்புதான். பல் ஆடும் வயதில் உள்ளவர்களுக்கு வேகவைத்த கூழ் பரவாயில்லை. தோலோடு வேகவைத்து மசித்தால் இன்னும் நல்லது. அப்புறம், ஒவ்வாமைக்கு ஃபெக்ஸோஃபெனாடின் மாத்திரை போடுபவர்கள் அதை ஆப்பிள் ஜூஸோடு விழுங்க வேண்டாம், மருந்து உடம்பில் சேருவது குறையும். தண்ணீரே போதும்.

என் ஏற்பாடு இப்போது இப்படி: காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் பாதி. பாதியை மூடி வைத்தால் பழுப்பாகிறது, அதற்கு எலுமிச்சைச் சாறு ஒரு துளி. ஜூஸரை அக்கா மகன் கேட்டிருக்கிறான். தருவதாகச் சொல்லிவிட்டேன், சல்லடை தேய்க்கும் பிரஷ்ஷையும் சேர்த்து.