ரந்தம்போர் புலி சஃபாரிக்கு முன்பதிவு செய்யப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று முன்தினம்தான் ராஜஸ்தானில் ரந்தம்போர் காட்டை ஒட்டிய சவாய் மாதோபூரிலிருந்து டெல்லிக்குத் திரும்பினோம். கோபம் இன்னும் அடங்கவில்லை. போலி சஃபாரி முன்பதிவில் போனது 38,400 ரூபாய். ஆற அமர எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் இன்னொரு குடும்பம் அதே ஆளிடம் பணத்தைக் கட்டியிருக்கும்.

அப்பாவுக்கு 71 வயது. முதுமலைக்கு மூன்று முறை போயிருக்கிறார். யானை, காட்டெருமை, மான் எல்லாம் பார்த்தாயிற்று, புலி மட்டும் கண்ணில் படவேயில்லை. ரந்தம்போரின் மச்லி என்கிற பெண்புலி முதலையோடு சண்டை போட்டதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அந்தக் காட்டின் மேல் அவருக்கு ஆசை. மச்லி 2016-இல் இறந்துவிட்டது. ஆனாலும் ரந்தம்போர் வறண்ட காடு, ஏரிக்கரைக்கு வரும் புலியைப் பகலிலேயே பார்க்க வாய்ப்பு உண்டு. அவரும் அம்மாவும் பிப்ரவரியில் எங்கள் வீட்டுக்கு வருவது முடிவானதும் நான் சஃபாரி தேட உட்கார்ந்தேன்.

தேடுதளத்தில் முதலில் வந்த முகவரியைத் திறந்தேன். அசோகச் சின்னம், பூங்காவின் பெயர், மண்டலம் ஒன்று முதல் பத்து வரை வரைபடம் என்று பார்த்தால் வனத்துறையின் பக்கம் போலவே இருந்தது. அது விளம்பரம் என்று மேலே சின்ன எழுத்தில் போட்டிருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. படிவத்தை நிரப்பிய பத்தாவது நிமிடம் வாட்ஸ்ஆப்பில் ஓர் ஆள் வந்தார். மூன்றாம் மண்டலத்தில், பதம் தலாவ் ஏரிப் பக்கம், ஆறு இருக்கையுள்ள ஒரு முழு ஜிப்ஸி (திறந்த ஜீப்). சனிக்கிழமை காலையும் மாலையும் இரண்டு சவாரி. ஓர் இருக்கைக்கு 3,200 வீதம் மொத்தம் 38,400 ரூபாய் என்றார். அதிகம்தான். வனத்துறைக் கட்டணம் இதைவிடக் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமைக்கு மூன்றாம் மண்டலத்தில் முழு ஜிப்ஸி கிடைப்பது கஷ்டம், ஏஜென்ட் கமிஷன் இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

நான் நம்பியது எந்த இடத்தில் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. ஐந்து பேரின் ஆதார் நகலை அனுப்பியதும் அந்த ஆள் இப்படிக் கேட்டார்: "சார்ஜி, பிதாஜிக்கு 71 வயதா? பின் இருக்கை ரொம்பத் தூக்கிப் போடும், முதுகு வலிக்கும். டிரைவரிடம் சொல்லி முன் இருக்கையை அவருக்கே வைக்கிறேன். விடியற்காலைக் குளிருக்குக் கம்பளியும் வண்டியில் இருக்கும்." அப்பாவுக்கு முதுகுவலி என்று நான் சொல்லவேயில்லை. தானாகவே ஒரு பெரியவரைப் பற்றி யோசிக்கிற மனுஷன் ஏமாற்ற மாட்டான் என்று தோன்றியது. அன்று இரவே 20,000, மறுநாள் 18,400 யூபிஐயில் அனுப்பினேன்.

அனுமதிச் சீட்டு என்று ஒரு பிடிஎஃப் வந்தது. பதிவு எண், மண்டலம், வண்டி எண், எங்கள் பெயர்கள் எல்லாம் இருந்தன. வயது என்ற கட்டத்தில் மட்டும் ஐந்து பேருக்கும் 35 என்று போட்டிருந்தது. அப்பாவுக்கும் 35, ஒன்பது வயது மகளுக்கும் 35. கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தான் போடும் சார்ஜி, வாசலில் ஆதார் காட்டினால் போதும்" என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி ஹோட்டல் வாசலுக்கு வரும் என்று பேச்சு. ஐந்தே முக்காலுக்கே அப்பா குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாகத் தயாராக நின்றார். ரந்தம்போர் ரோட்டில் எங்களைத் தாண்டி வரிசையாக ஜிப்ஸிகள் போயின. ஒவ்வொன்று வரும்போதும் அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார், போனதும் இறக்கிவைத்தார். ஆறேகால்: "வண்டி வழியில் இருக்கிறது சார்ஜி." ஆறரை: "டயர் பஞ்சர், இதோ ஐந்து நிமிடம்." ஏழு: போனை எடுக்கவில்லை. ஏழரை: ஸ்விட்ச் ஆஃப்.

ஆட்டோ பிடித்து டிக்கெட் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் சீட்டைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். அந்தப் பதிவு எண்ணே பட்டியலில் இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்? மாலைக்கு இருபது பேர் போகும் கேன்டரிலாவது இடம் கிடைக்குமா என்று கேட்டேன். எல்லாம் நிரம்பிவிட்டது.

காட்டுக்குள் இருக்கும் ரந்தம்போர் கோட்டைக்கும் அங்குள்ள திரிநேத்ர கணேசர் கோயிலுக்கும் சஃபாரி அனுமதி வேண்டாம் என்பதால் அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டே படியேறினார். மேலே மதிலிலிருந்து பார்த்தால் பதம் தலாவும் கரையில் ஜோகி மகாலும் தெரியும். ஏரிக்கரையில் இரண்டு ஜிப்ஸிகள் நின்றன. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "பரவாயில்லடா, பிள்ளையாரைப் பார்த்தாச்சுல்ல" என்றார். 38,400 ரூபாயைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் கை விரிப்புதான். அந்த ஆள் மாலையில் வேறு எண்ணிலிருந்து வந்து, "ரீஃபண்ட் தயார், அதற்கு 2,000 கட்டணம் கட்டுங்கள்" என்றார். என்ன துணிச்சல்! திட்டியதும் பிளாக் செய்துவிட்டார். வங்கியைக் கூப்பிட்டால், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." விளம்பரத்தைப் பற்றித் தேடுதளத்துக்குப் புகார் அனுப்பினேன், எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை என்று இயந்திரப் பதில் வந்தது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-இல் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறேன். 38,400 ரூபாயில் ஒரு பைசாகூட இதுவரை திரும்பவில்லை.

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். முகவரியின் பெயர் ராஜஸ்தான் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடியாவிட்டால் அது அரசுப் பக்கம் இல்லை. தனிநபர் யூபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். "புலி நிச்சயம்" என்று சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே, அந்த நிமிடமே 1930-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் என்று காத்திருந்ததிலும் அலைந்ததிலும் எனக்கு அரை நாள் போய்விட்டது.

அந்த விளம்பரம் இன்று காலையிலும் முதல் இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஐந்து பேரின் ஆதார் நகலும் அந்த ஆளிடம் இருக்கிறது. முதலில் ஆதாரில் எங்கள் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டிவைக்க வேண்டும், அந்த வேலையைப் பார்க்கப் போகிறேன்.