‘லேட் மாடலா?’ என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு: 1998 பத்மினி எஸ்1

மும்பையில் பழைய ஃபியட் தேடி அலைகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வண்டி எந்த வருஷம் என்று கேட்பதற்கு முன்னாலேயே, “ஹேண்ட் கியரா, ஃப்ளோர் கியரா?” என்றுதான் கேட்பார்கள், அதாவது கியர் லீவர் ஸ்டியரிங் தண்டிலா, தரையிலா என்று. ஃப்ளோர் கியர் என்றால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். “ஓ… லேட் மாடலா” என்று ஒரு இழுவை. அதற்குப் பிறகு என் வண்டியைச் சுற்றிக்கூட வரமாட்டார்கள், பக்கத்தில் நிற்கும் 1964 ஃபியட் டிலைட்டைப் போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள்.

என்னுடையது 1998 பிரீமியர் பத்மினி எஸ்1. செம்பூரிலிருந்து தாராவியில் நான் வேலை பார்க்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வரவும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலையும் பூவும் முருங்கைக்காயும் வாங்கி டிக்கியில் போடவும், செட்டா நகர் முருகன் கோவிலுக்கு மாமியாரைக் கூட்டிப் போகவும் இதுதான். துணி போட்டு மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைக்கிற வண்டி இல்லை. அதனால் இந்த விமர்சனமும் தினம் ஓட்டுகிறவள் கண்ணிலிருந்துதான்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். இத்தாலியில் ஃபியட் 1100டி என்று ஓடிய வண்டியை, வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இங்கே குர்லாவில் 1964 முதல் செய்தது. ‘டிலைட்’ என்று பெயர். எழுபதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் ‘பிரசிடென்ட்’. 1974-இல் சித்தூர் ராணியின் பெயரால் ‘பத்மினி’ ஆனது. இத்தாலிக்காரர்கள் 1966-லேயே அந்த மாடலை விட்டு நகர்ந்துவிட்டார்கள். நாம் 2000 வரை விடவில்லை. தொழிற்சாலை போய்விட்டது, குர்லாவில் பிரீமியர் ரோடு என்ற பெயர் மட்டும் இருக்கிறது. டிலைட்டுக்கும் முந்தைய, முன்கதவு பின்பக்கமாகத் திறக்கிற ஃபியட்டை இந்த ஊரில் ‘டுக்கர்’ என்பார்கள், மராத்தியில் பன்றி. திட்டுவது போல இருந்தாலும் அதுதான் இன்று எல்லோரும் துரத்துகிற வண்டி. ரசிகர்கள் சொல்லும் கதைகளும் அந்தக் காலத்தோடு நின்றுவிடும். லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கி 12,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபியட் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. நல்ல கதைதான். ஆனால் கதை 1964-ஐத் தாண்டி வரவே வராது.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த எஸ்1-ஐ யாருக்கும் பிடிக்காமல் போனதற்குக் காரணம் எளிது. மாருதி 800 வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. உள்ளே ஏசி, வெளியே வழவழப்பு என்று ஊரே மாறிவிட்ட பிறகு, அறுபதுகளின் உடம்போடு ஒரு வண்டி வந்து “என்னிடமும் புது கியர்பாக்ஸ் இருக்கிறது” என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அன்றைக்குப் புதுசு வேண்டியவர்களுக்கு அது கிழம். இன்றைக்குக் கிழம் வேண்டியவர்களுக்கு அது புதுசு. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம்.

அந்தக் கியர்பாக்ஸைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும்.

பழைய பத்மினியில் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். பார்க்க அழகு, மறுக்கவில்லை. முன்னால் நீளப் பெஞ்சு சீட், அதில் மூன்று பேர், இடது கையால் மேலும் கீழும் ஒரு நாட்டியம். ஆனால் அந்த லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் கம்பியும் மூட்டுமாகப் போகிற பாதையை பானட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ், அதாவது தேய்மானம் தாங்கும் சின்ன வளையம். அது தேயத் தேய லீவரில் ஆட்டம் கொடுக்கும், எந்த கியர் எங்கே இருக்கிறது என்று தயிர் கடைவது போலத் துழாவ வேண்டும். முற்றினால் இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொண்டு எதிலும் வராது. டிரைவர் இறங்கி, பானட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டுக் கம்பியை வெடுக்கென்று இழுத்து விடுவித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல வந்து உட்காருவார். இந்த ஊரில் டாக்ஸி ஏறி வளர்ந்தவர்களுக்கு இது புதிய காட்சி இல்லை.

இன்னொன்று, பழைய பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது வண்டி முழுக்க நின்றால்தான் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். உருண்டுகொண்டிருக்கும்போது போட்டால் ‘கர்ர்ர்’ என்று பல்லைக் கடிக்கும். தெரிந்தவர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்து, டபுள் கிளட்ச் போட்டு சமாளிப்பார்கள். 1964-இல் சயான் சர்க்கிள் காலியாக இருந்திருக்கும், சமாளித்திருக்கலாம். இன்றைக்கு காலை ஏழரை மணிக்கு அங்கே வந்து பாருங்கள். வண்டி நிற்பதும் இல்லை, போவதும் இல்லை, நடந்து போகிறவன் வேகத்தில் அரைகுறையாக உருளும். அந்த வேகத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் திணறும், முதல் கியர் விழாது.

எஸ்1-இல் இருப்பது பிரீமியரின் இன்னொரு காரான 118என்இ-யில் போட்ட நிஸான் வகைப் பெட்டி. லீவர் தரையில், கைக்குப் பக்கத்தில். உருளும்போதே முதல் கியர் ‘ளக்’ என்று உட்காரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் சயான் முதல் தாராவி டி-ஜங்ஷன் வரை அந்த ‘ளக்’கை எத்தனை முறை கேட்கிறேன் என்று யோசித்தால், குரோம் பட்டையை யாரும் எனக்குச் சும்மா கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கிளட்சும் லேசு. பெஞ்சுக்குப் பதிலாகத் தனித்தனி பக்கெட் சீட். இரண்டு பேருக்கு நடுவே மூன்றாவது ஆளைத் திணிக்க முடியாது என்று குறை சொல்வார்கள். எனக்கு அது வசதி, பரீட்சைப் பேப்பர்க் கட்டு அந்த இடைவெளியில் பாந்தமாக நிற்கும்.

அடுத்தது மழை. பழசில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ பெரிதாக ஒன்றும் கொடுக்காது. ஜூலை மாதம், இருட்டு, கிங்ஸ் சர்க்கிளில் முட்டிக்கால் தண்ணீர், வைப்பர் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும், வண்டியோ நின்றுகொண்டே இருக்கிறது. சார்ஜ் விளக்கு சிவப்பாக மினுக்கும், வைப்பர் மூச்சு வாங்கும், ஹாரன் அழும். என் வண்டியில் ஆல்டர்னேட்டர். நின்ற இடத்திலேயே சார்ஜ் ஏறும், போன் சார்ஜர் வேறு போட்டிருக்கிறேன். தரையிலிருந்து வண்டி நல்ல உயரம் என்பது பழசு, புதுசு எல்லா ஃபியட்டுக்கும் பொது, அந்தப் பெருமையை நான் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றபடி அதே 1089 சிசி எஞ்சின், அதே சோலெக்ஸ் கார்புரேட்டர், காலையில் அதே சோக் இழுப்பு, பின்னால் அதே குட்டி வால் சிறகு. நாற்பது சொச்சம் குதிரைத்திறன். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் அறுபதில் போனால் குஷியாகப் பாடும், எண்பதில் புலம்பும். மைலேஜ் ஊருக்குள் லிட்டருக்குப் பத்து, பதினொன்று. பிரேக் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான், பூஸ்டர் கிடையாது. காலை ஊன்றி மிதிக்க வேண்டும், முன்னால் போகிற ஸ்விஃப்ட்காரன் நிற்கிற தூரத்தில் நாம் நிற்க மாட்டோம், இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு ரிக்‌ஷா வந்து நுழையும், அது மும்பை. ஸ்டியரிங், பார்க்கிங்கில் தோளைக் கேட்கும். ஏப்ரல், மே மாதம் உள்ளே உட்கார்ந்தால் வேகும். இதெல்லாம் பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம், எந்த வருஷ மாடலும் வாங்க வேண்டாம்.

எனக்கு வேலை பார்ப்பவர் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி. டாக்ஸிகளிலேயே கை பழகியவர். வாங்குவதற்கு முன்னால் அவரிடம் வண்டியைக் காட்டியபோது, மற்றவர்கள் மாதிரி முகத்தைச் சுளிக்கவில்லை. “ஆளுக போட்டோ எடுக்க வண்டி வாங்குதாவ, டீச்சர். நீங்க ஓட்டல்லா வாங்குதீய. இதை எடுங்க” என்றார். கியர் லீவரை ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஹேண்ட் கியருக்குப் புஷ் தேடியே என் பாதி ஆயுசு போயிட்டு” என்றும் சேர்த்துக்கொண்டார். பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருபது சதவீதம் ஆன பிறகு பழைய ரப்பர் எல்லாம் தாங்காது என்று பெட்ரோல் டியூபையும் பம்ப் டயாஃப்ரமையும் அவர்தான் மாற்றிக் கொடுத்தார். ஃபியட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய வேலை அது. சாமான் குர்லா சிஎஸ்டி ரோட்டில் தேடினால் இன்னும் கிடைக்கிறது. டாக்ஸிகள் உடைபட்ட காலத்தில் கொட்டிக் கிடந்தது, இப்போது அலைய வேண்டும்.

டாக்ஸி என்றதும் ஒன்று. 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்றபோது இந்த ஊர் எப்படி உருகியது! பேப்பரில் பக்கம் பக்கமாகப் படம், பிரபலங்களின் இரங்கல். அந்தக் கடைசி வண்டி தாட்தேவ் ஆர்டிஓவில் பதிவானது 2003 அக்டோபர் 29-இல். டாக்ஸிக்கு வயது வரம்பு இருபது வருஷம், அதனால்தான் அந்தத் தேதி. கணக்குப் போடுங்கள். 2018-க்குப் பிறகு நீங்கள் ஏறிய, போட்டோ எடுத்த, கல்யாண ஆல்பத்துக்குப் பின்னணியாக நிறுத்திய ஒவ்வொரு பத்மினி டாக்ஸியும் 1998-க்குப் பிறகு பதிவானதாகத்தான் இருக்க முடியும். ஊரே கண்ணீர் விட்டது இந்த ‘லேட் மாடலுக்கு’த்தான். ‘காலி-பீலி’ என்கிற டாக்ஸிக் கறுப்பு-மஞ்சள் பூசியிருந்தால் பாரம்பரியம், வெள்ளை வண்ணத்தில் என் வீட்டு வாசலில் நின்றால் லேட் மாடலா?

இதிலேயே வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. டாக்ஸியாக ஓடி, பிறகு பெயிண்ட் அடித்துச் சொந்த வண்டி போல விற்பனைக்கு வருவது உண்டு. தப்பில்லை, விலையில் தெரிந்தால் சரி. கண்டுபிடிக்கும் வழி: கதவு ரப்பர் பீடிங்கை ஒரு ஓரத்தில் விரலால் உரித்துப் பாருங்கள், அடியில் கறுப்பு தெரியும். மழைத்தண்ணீர் ஓடும் கூரை ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். முன்பக்கம் இடது மட்கார்டைத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் ‘டங்’ மாறி ‘டொப்’ என்று கேட்டால், அங்கே பழைய மீட்டர் போல்ட் ஓட்டையை அடைத்துப் பட்டி போட்டிருக்கிறது. பத்மினி டாக்ஸியில் மீட்டர் வெளியேதானே இருக்கும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் பிராக்கெட் இருந்த தடம் இருக்கிறதா என்று ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். பிறகு மிதியடியை எடுத்துவிட்டுத் தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் குத்துங்கள். கடல் காற்றும் நாலு மாச மழையும் தகட்டைத் தின்கிற ஊர் இது. தகடு நன்றாக இருந்தால் எஞ்சின் புகையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எஞ்சின் வேலை மலிவு, டிங்கரிங் வேலைதான் சொத்தை எழுதி வாங்கும்.

1996-இல் வந்த 137டி என்ற டீசல் பத்மினியும் விற்பனையில் கண்ணில் படும். நான் ஓட்டியதில்லை, அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

காகிதம் பற்றி. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டினால்தான் ‘வின்டேஜ்’. அதற்குத் தனி ‘விஏ’ நம்பர் பிளேட் உண்டு, ஆனால் அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது. என் வண்டிக்கு அந்தப் பாக்கியம் 2048-இல் கிடைக்கும். அதுவரை எல்லோரையும் போல ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பித்து, பசுமை வரி கட்டினால் போதும், மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கும் தாராளமாகப் போகலாம். ஆர்டிஓ போகிறவர்களுக்கு என் ஒரே யோசனை, முந்தின நாள் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

விலை? நல்ல டிலைட்டுக்குச் சொல்லும் விலையில் நல்ல எஸ்1 ஒன்று வாங்கி, தகடு, பெயிண்ட், சீட் துணி எல்லாம் புதிதாகப் போட்டுக்கொண்டு மிச்சமும் வைக்கலாம். விற்பவரே “லேட் மாடல்தான்…” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். அப்போது நீங்களும் முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொள்ளுங்கள், இன்னும் ஐயாயிரம் குறையும்.