இறங்கும்போது ஏறும் முள்: என் டூ-ஸ்ட்ரோக் அல்ட்ராலைட் எஞ்சின்

நண்பர் ஒருவர் பழைய ஒற்றை இருக்கை அல்ட்ராலைட், அதாவது மிக எடை குறைந்த குட்டி விமானம், ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். ஃபிரேம் நன்றாக இருக்கிறதாம், எஞ்சின்தான் இல்லை. "அண்ணா, டூ-ஸ்ட்ரோக் போடலாமா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? ஒரே வரியில சொல்லுங்க" என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம்தான் என் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் ரிங் மாற்றினேன். நகக்கண்ணில் கரி இன்னும் போகவில்லை. அதனால் இதில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டுவது அமெரிக்காவில், ஒஹாயோவில், சோளக்காட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு புல் ஓடுதளத்திலிருந்து. இங்கே அல்ட்ராலைட்டுக்கான அரசு விதிக்குப் பெயர் பார்ட் 103: 1982-ல் வந்தது, ஒருவர் மட்டும் பறக்கலாம், காலி எடை 254 பவுண்டுக்குக் கீழே, பெட்ரோல் 5 கேலன், முழு வேகம் 55 நாட். லைசன்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம். 254 பவுண்டு என்றால் 115 கிலோ. இறக்கை, சக்கரம், சீட்டு எல்லாம் போக எஞ்சினுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 அருமையான ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின், மறுப்பதற்கில்லை. ஆனால் 60 கிலோ. இந்த வகை விமானத்தில் அதை மாட்டினால் பாதி எடையை எஞ்சினே தின்றுவிடும். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

என்னிடம் இருப்பது காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், 40 குதிரைத்திறன் சுமார். கியர்பாக்ஸ், சைலன்சர் எல்லாம் சேர்த்து 40 கிலோவுக்குள் அடங்கும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொல்லவும் தேவையில்லை, இந்த இனம் முழுக்க ஒரே குணம்தான். பலவற்றுக்கும் மூதாதை பனிவண்டி எஞ்சின். ரோட்டாக்ஸ், கவாசாகி, குயுனா எல்லாம் பனிமேல் ஓடிய பிறகுதான் வானத்துக்கு வந்தன.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த எஞ்சினில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று ஒவ்வொரு முறை பறக்கும்போதும் வருகிறது.

முழு த்ராட்டிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து, ஏறும்போது எஞ்சின் தங்கம். ஈஜிடி மீட்டரின் முள், அதாவது வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டும் முள், 600 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் சாதுவாக நிற்கும். சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, இறங்கலாம் என்று மூக்கைத் தாழ்த்தி த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்தால் அதே முள் கிடுகிடுவென்று ஏறும். எஞ்சினுக்கு வேலை குறைந்துவிட்டது, சூடு மட்டும் ஏன் கூடுகிறது? 650-க்கு மேல் போனால் வம்பு என்பது தெரியும், முள்ளோ அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கீழே ஓடுதளம், மரம், காற்றின் திசை காட்டும் துணிப்பை என்று பார்ப்பதற்கு ஆயிரம் இருக்க, என் கண் பூராவும் அந்த வட்டத்தில்தான்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. கார்புரேட்டரில் முழு த்ராட்டிலில் பெட்ரோலை அளப்பது மெயின் ஜெட் என்ற சின்னத் துளை, த்ராட்டிலை மூடிய ஐடிலில் ஐடில் ஜெட். நடுவில் அளப்பது ஒரு கூம்பிய ஊசி. இறங்கும்போது எதிர்க்காற்றே புரொப்பெல்லரைச் சுற்றிவிடுவதால் எஞ்சின்மேல் சுமை இல்லை. சுமை இல்லாமல் சுற்று வேகம் மட்டும் குறையாமல் நிற்க, அந்த நடுப்பகுதியில் கலவை மெலிந்துபோகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. மெலிந்த கலவை சூடாக எரியும். இதில் கொடுமை என்னவென்றால் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது, ஐம்பதுக்கு ஒன்று கணக்கில். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு கூடும் நேரத்தில்தான் மசகு குறைகிறது. பிஸ்டன் பொருமி சிலிண்டரைக் கவ்வினால் எஞ்சின் 'சீஸ்'. ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவேண்டாம். ஆனால் அது சாலையில், வண்டியை ஓரம் கட்டலாம்.

சரி, த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டு இறங்கலாமே? நானும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஐடிலிலேயே நீண்ட நேரம் இறங்கினால் சிலிண்டர் ஆறிவிடும். ஓடுதளத்தில் மான் நிற்கிறது, திரும்ப ஏறவேண்டும் என்று சட்டென்று முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், சிலிண்டர் பின்தங்கும். அதற்குப் பெயர் குளிர் சீஸ். இந்தப் பக்கம் போனால் சூடு, அந்தப் பக்கம் போனால் குளிர். அதனால் மூடு, நடுநடுவே கொஞ்சம் திற, மறுபடி மூடு என்று இறங்குகிறேன். கீழே நிற்பவர்களுக்கு எஞ்சினுக்கு விக்கல் எடுத்ததுபோல் கேட்குமாம்.

திருத்த முடியாதா என்றால், முடியும், ஓரளவு. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி மேலே எழும்பிப் பெட்ரோல் கூடும். முள் இறங்கும், ஆனால் நேராகப் பறக்கும்போது எஞ்சின் குளறும், பிளக்கில் கரி அப்பும். புரொப்பெல்லரின் பிட்ச்சை, அதாவது இலையின் சாய்வை, கொஞ்சம் கூட்டினால் சுமை ஏறிப் புகைச்சூடு இறங்கும். அப்போது ஹெட்டின் சூடு ஏறும், முழு த்ராட்டிலில் சுற்றும் குறையும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். ஜூலையில் எல்லாம் சரிசெய்து வைத்தால் நவம்பரில் குளிர்ந்த காற்று அடர்த்தியாகி, மறுபடி கலவை மெலிந்து, முள் பழையபடி ஆடத் தொடங்கும். வருடத்துக்கு இரண்டு முறை ஜெட் மாற்றும் வேலையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஏற்றுக்கொண்டேன் என்பதற்காகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

போன வாரம் ஹெட்டைத் திறந்ததும் அதனால்தான். ஒரு சிலிண்டரில் மட்டும் முள் வழக்கத்தைவிட ஏறியது. பிஸ்டனில் புகை வெளியேறும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள், நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுப்பட்டன. கீழ் ரிங் பாதி வட்டம் கரியில் ஒட்டிக் கிடந்தது. பெட்ரோலில் ஊறவைத்து, உடைந்த பழைய ரிங் துண்டாலேயே பள்ளத்தைச் சுரண்டி எடுத்தேன்.

ஆனால் நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்த வேலை முழுவதையும் விமானத்திலிருந்து எஞ்சினைக் கழற்றாமல், நாலைந்து ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு, ஒரே மதியத்தில் நானே முடித்துவிட்டேன். வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. உள்ளே அசையும் பாகங்களை விரல்விட்டு எண்ணலாம். ரிங்கும் கேஸ்கெட்டும் நல்ல டின்னர் ஒன்றின் விலைதான். ஓடும்போது அது ஓடுகிற விதமும் அப்படி. புல்லில் கொஞ்ச தூரம் உருண்டதுமே தரை விட்டுவிடும். கியர்பாக்ஸ் இருப்பதால் எஞ்சின் நிமிடத்துக்கு 6500 சுற்றில் சுற்றினாலும் புரொப்பெல்லர் 2600-ல் நிதானமாகச் சுற்றி இழுக்கிறது. ஒன்றரை மீட்டர் புரொப்பெல்லரை நேராக 6500-ல் சுற்றினால் அதன் நுனி ஒலியைவிட வேகமாகப் போகும், சத்தம்தான் மிஞ்சும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கமும் பார்த்திருக்கிறேன். டெக்சாஸின் லெனார்ட் மில்ஹாலண்ட் வடிவமைத்த லீகல் ஈகிளில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எஞ்சினைப் பாதியாக அறுத்து, இரண்டு சிலிண்டராக மாட்டுகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பறக்கிறது. எடை கிட்டத்தட்ட என்னுடையதுதான். ஆயில் கலக்க வேண்டாம், இறங்கும்போது முள் குதிப்பதில்லை, பெட்ரோலும் குறைவு. எனக்கு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகிறது. 5 கேலன் டாங்க்கில் இது பெரிய வித்தியாசம். ஆனால் கியர் இல்லாமல் நேரடியாகச் சுற்றுவதால் சின்ன புரொப்பெல்லர், இழுவை குறைவு, உலுக்கலும் அதிகம். புல்வெட்டும் வண்டியின் வி-ட்வின் எஞ்சினை மாற்றிப் போடுபவர்களும் உண்டு. நம்பகமானது, ஆனால் குதிரைத்திறன் முப்பதைச் சுற்றித்தான். எடை குறைந்த ஆளுக்குப் போதும். நம் நண்பர் அப்படியில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் கேட்டிருந்தார். கலக்காததைப் படகுத்துறைகளில் விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். ரப்பர் குழாய்க்கும் நல்லது, தண்ணீரையும் இழுக்காது.

ரோட்டாக்ஸ் தன் டூ-ஸ்ட்ரோக் கையேட்டிலேயே இந்த எஞ்சின் அதன் அமைப்பினால் திடீரென நின்றுபோகலாம் என்று எச்சரிக்கிறது. முதல் முறை படித்தபோது வக்கீல் எழுதியது என்று நினைத்தேன். இப்போது மெக்கானிக் எழுதியது என்று தோன்றுகிறது.

எடை, இழுவை, விலை, நானே பிரித்துப் போடும் வசதி, எல்லாவற்றிலும் டூ-ஸ்ட்ரோக்குக்கே மார்க். இருந்தாலும் நண்பருக்கு எழுதிய பதில்: வேண்டாம் தம்பி, அறுத்த பீட்டில் எஞ்சினைத் தேடுங்கள், கொஞ்சம் மெதுவாக ஏறினால் ஏறிக்கொண்டு போகட்டும். அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. என்னுடையதை விற்கிறீர்களா என்று உடனே கேட்டார். விற்கவில்லை என்றேன்.

அப்படியும் டூ-ஸ்ட்ரோக்தான் வேண்டுமென்றால், இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஈஜிடி மீட்டர் வைத்த எஞ்சினை அப்படியே மாட்டாதீர்கள். சிலிண்டருக்கு ஒன்று வேண்டும். போன வாரம் ஏறியது இரண்டில் ஒரு முள் மட்டும்தான்.