கொங்கண் சைக்கிள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு: என் 28,500 ரூபாய் போன வழி

இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். சுற்றுலாக் கட்டணம் 23,500, சைக்கிளுக்கு டெபாசிட் 5,000. இரண்டும் போய்விட்டன. ரத்னகிரியிலிருந்து ஊர் திரும்பிய கையோடு எழுதுகிறேன். தொடை வலி இன்னும் விடவில்லை, ஆத்திரமும் விடவில்லை. குழுவாகச் சைக்கிளில் கூட்டிப்போகிறோம் என்று இணையத்தில் ஆள் சேர்க்கும் ஒரு நிறுவனம் அது. அலுவலகம் என்று எதுவும் கிடையாது. ஒரு இணையப் பக்கம், ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கும்வரை நிறுவனத்தின் பெயரைப் போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் போடவில்லை. இரக்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தச் சாலையைப் பற்றி முதலில் சொன்னால்தான் எதில் ஏமாற்றினார்கள் என்பது விளங்கும். கடற்கரைச் சாலை என்றதும் நமக்குச் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலைதான் கண்ணில் நிற்கும். எதிர்க்காற்று அடித்தால் ஒழிய அங்கே சிரமம் இல்லை. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரை அப்படிப்பட்டதல்ல. செம்பாறை மேட்டுநிலம் கடல் வரைக்கும் வந்து நிற்கிறது. ஊர்களெல்லாம் கீழே, கழிமுகங்களின் ஓரத்தில், தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே இருக்கின்றன. ஒரு ஊரை விட்டதும் சாலை நூறு மீட்டருக்கு மேல் ஏறும். நிழலே இல்லாத மொட்டை மேட்டில் கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் அடுத்த ஊருக்குத் தலைகுப்புற இறங்கும். உடனே மறுபடி ஏற்றம். ஊட்டி மலை ஏற்றம் ஒரே தடவையில் கட்டித் தீர்க்கும் கடன் என்றால், இது நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்கும் வட்டி.

இப்படிப்பட்ட சாலையில் ஏறுவதற்கு இலகுவான கியர் வேண்டும், இறங்குவதற்கு பிரேக் வேண்டும், தண்ணீரும் மாற்று டியூபும் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு வண்டி வர வேண்டும். கடலைப் பார்க்க யாரும் கட்டணம் கேட்பதில்லை. நான் 28,500 ரூபாய் கொடுத்தது இந்த மூன்றுக்கும்தான்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களையும் அப்படித்தான் பிடிப்பார்கள். விசாரித்து ஒரு செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஏற்பாட்டாளரிடமிருந்து அழைப்பு வந்தது. நல்ல தமிழ். "அண்ணா, உங்கள் உயரம் என்ன? கால் உள்ளளவு தெரியுமா? சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே தள்ளிப் பிடித்து, தரையிலிருந்து அளந்து சொல்லுங்கள். சைக்கிள் சட்டத்தின் அளவு தவறினால் இரண்டாம் நாளே முட்டி போய்விடும்" என்றார். முட்டியைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் மனிதர் பணத்தை விழுங்குவார் என்று யாருக்குத் தோன்றும்? அளந்து சொன்னேன். ஏற்ற இறக்க வரைபடம் வந்தது. டிஸ்க் பிரேக்கும் பின்னால் அகலமான பல்சக்கரமும் உள்ள புத்தம்புதிய சைக்கிளின் படம் வந்தது. "இது உங்களுக்கென்று ஒதுக்கியாகிவிட்டது அண்ணா, கைப்பிடியில் பெயர் ஒட்டிவிடுகிறேன்" என்றார். அன்று மாலையே மொத்தப் பணமும் கட்டினேன்.

பயணம் தொடங்கும் ஊரான குஹாகரில் விடியற்காலை இருட்டில் சைக்கிள்களை இறக்கினார்கள். என் பெயர் ஒட்டியிருந்தது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். டிஸ்க் பிரேக் இல்லை, ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை. சட்டம் எனக்கு ஒரு அளவு பெரியது. "வெளிச்சம் வரட்டும், பார்த்துவிட்டு ஏறுகிறேன்" என்றேன். வழிகாட்டியாக வந்தது இருபது வயது உள்ளூர்ப் பையன். "சார், வண்டி கிளம்ப வேண்டும், பெட்டியை ஏற்றிவிடுங்கள், தவ்சாள் படகுத்துறையில் மெக்கானிக் பார்ப்பார்" என்றான். மெக்கானிக் என்று ஒருவர் அந்தக் குழுவில் கிடையவே கிடையாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கே முந்தைய சுற்றுலாவின் கூலி வரவில்லையாம்.

பால்ஷேத் தாண்டி முதல் பெரிய ஏற்றத்திலேயே கியர் கதை முடிந்தது. எவ்வளவு தள்ளினாலும் செயின் பெரிய பல்சக்கரத்தில் ஏறவில்லை. கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுப் பழைய பல்லிலேயே விழுந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், பின் கியரைத் தாங்கும் காது உள்பக்கமாக வளைந்திருந்தது. அதன்மேல் துரு. இன்றைக்கு வளைந்த காதில் துரு ஏறாது. வேல்னேஷ்வர் பிரிவு, ஹேதவி என்று ஏற்றம் வந்த இடமெல்லாம் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஹேதவியில் பத்துக் கைப் பிள்ளையார் கோவில் பார்ப்பதாகத் திட்டத்தில் இருந்தது. பிள்ளையாரைப் பார்க்கிற நிலையிலா இருந்தேன்? அலைபேசியில் சிக்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் வண்டி வரவில்லை. "நாள் முழுவதும் பின்னாலேயே வரும்" என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். சிக்னல் கிடைத்ததும் ஓட்டுநரிடம் பேசினோம். அவர் சிப்ளூண் திரும்பி, 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக ரத்னகிரிக்குப் போய்க்கொண்டிருந்தார். பெட்டிகளை ஓட்டலில் போட்டுவிட்டு வேறொரு சவாரிக்குப் போகச் சொல்லி உத்தரவாம். ஏற்பாட்டாளரை அழைத்துக் கேட்டால், "தவ்சாள் படகில் வேன் ஏறாது சார்" என்கிறார். அந்தப் படகில் கார் ஏறுகிறது, பஸ் ஏறுகிறது. எங்கள் கண்ணெதிரே ஏறின. கவனித்திருப்பீர்கள், அண்ணா என்ற அழைப்பு பணம் கட்டியதோடு தீர்ந்துபோய் நான் சார் ஆகியிருந்தேன். எங்கள் பம்ப், டியூப், தண்ணீர்க் கேன், மாத்திரைப் பை எல்லாம் அந்த வேனில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தன.

தவ்சாள் இறக்கத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மேட்டிலிருந்து படகுத்துறைக்கு வளைந்து வளைந்து விழும் சாலை. இரண்டாவது வளைவில் பின் பிரேக்கை அழுத்தினேன். நெம்பு கைப்பிடியைத் தொட்டுவிட்டது, சைக்கிள் வேகம் குறையவில்லை. முன் பிரேக்கை அழுத்தினால் கத்தி தீட்டுவது போன்ற கிறீச்சொலி. காலைத் தரையில் தேய்த்து, வெட்டி எடுத்த செம்மண் கரையில் சாய்ந்து நின்றேன். முழங்கை உரிந்தது. இரண்டடி தள்ளியிருந்தால் மைல்கல். பிரேக் கட்டையைப் பார்த்தேன்: ரப்பர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. உள்ளே இருந்த தகரம் வெளியே வந்து, ரிம்மில் வெள்ளி வெள்ளியாகக் கோடு போட்டிருந்தது. ஹூப்ளியிலிருந்து வந்திருந்த ஆசிரியை அம்மா தன் கைக்குட்டையால் முழங்கையைக் கட்டிவிட்டார். குழுவில் இன்னும் இரண்டு சைக்கிள்கள் இதே நிலையில்தான் இருந்தன. நாங்கள் எல்லோரும் துறைவரை நடந்தே இறங்கினோம்.

சாஸ்திரி நதியின் முகத்துவாரத்தைப் படகில் கடந்து ஜெய்கட் சேர்ந்தோம். அங்கே மேட்டில் ஒரு பஞ்சர் கடை. அந்தப் பெரியவர் என் பிரேக் கட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ரோட்டோரம் எறிந்தார். சிறுவர் சைக்கிளுக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கட்டைகளை மாட்டி, கம்பியை இழுத்துக் கட்டினார். கட்டைக்கு மட்டும் 120 ரூபாய் வாங்கினார், கூலி வேண்டாம் என்றார். சைக்கிள் சுற்றுலாவில் எனக்குக் கிடைத்த ஒரே சேவை அதுதான், அதுவும் 28,500 ரூபாய்க்கு வெளியே.

அதற்கப்புறம் மால்குண்ட், கண்பதிபுலே, ஆரே-வாரே. இரட்டைக் கடற்கரை மேலேயிருந்து அழகாகத்தான் இருந்தது. எழுத மனம் வரவில்லை. டிசம்பர் மாதம், ஆறரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடுகிறது, சைக்கிளில் விளக்கு இல்லை. ரத்னகிரி ஓட்டலுக்குள் நுழைந்தால் வரவேற்பில் இருந்தவர் கையை விரித்தார். முன்பணம் மட்டும் வந்திருக்கிறதாம், மீதியைக் கட்டினால்தான் சாவியாம். ஆளுக்கு 1,600 ரூபாய் கட்டி உள்ளே போனோம். மறுநாள் வேனும் இல்லை, மால்வணுக்கும் கோவாவுக்கும் போவதாக இருந்த மீதிப் பயணமும் இல்லை. பர்மாவின் கடைசி மன்னர் தீபோவை 1885இல் நாடு கடத்தி, மதராஸில் சில மாதம் வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்குக் கொண்டுபோன வெள்ளைக்காரர்கள் அவருக்கு ஒரு மாளிகையாவது கட்டிக் கொடுத்தார்கள். அதைச் சுற்றிக் காட்டுவதும் எங்கள் திட்டத்தில் இருந்தது. காட்டவில்லை.

இனி பணம் கேட்ட படலம். முதலில், "கணக்குப் பிரிவு விடுமுறையில் இருக்கிறது." அப்புறம், "சைக்கிள் வாடகைக்கு விட்டது வேறொரு நிறுவனம், அவர்களிடம் கேளுங்கள்." அந்த நிறுவனத்தின் எண்ணைக் கேட்டால் பதில் இல்லை. அதற்கப்புறம் வந்ததுதான் உச்சம்: "இறக்கத்தில் பயணி பிரேக்கை விடாமல் பிடித்ததால் கட்டை தேய்ந்துள்ளது. கியர் காது வளைவு, ரிம் கீறல் ஆகிய சேதங்களுக்கு டெபாசிட் 5,000 பிடித்தம் செய்யப்படுகிறது. மேலும் 1,800 செலுத்தவும்." என் உயிரோடு விளையாடிய பிரேக்குக்கு நானே அபராதம் கட்ட வேண்டுமாம்! துருவோடு எடுத்த படங்களை அனுப்பினேன். மறுநாள் ஸ்பிதி பயணத்தில் 3,000 ரூபாய் தள்ளுபடி தருவதாக ஒரு செய்தி வந்தது, ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். இந்தச் சைக்கிளில் இமயமலை! வேண்டாம், என் 28,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று பயணத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எழுதிய ஐந்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நண்பனின் எண்ணிலிருந்து அழைத்துப் பார்த்தேன். ஒரே மணியில் எடுத்தார். "சொல்லுங்கள் அண்ணா, எந்தப் பயணத்துக்கு?" என்று அதே தேன் குரல். என் பெயரைச் சொன்னேன். "சார், மீட்டிங்கில் இருக்கிறேன்." துண்டித்துவிட்டார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில், பிரேக்கை அழுத்தி, எல்லாக் கியரையும் மாற்றிப் பார்த்து, வீடியோ எடுத்த பிறகுதான் சைக்கிளைக் கையில் வாங்க வேண்டும். பின்னால் வரும் வண்டியின் பதிவு எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் முந்தைய இரவே கேளுங்கள். தங்கப்போகும் ஓட்டலை நீங்களே அழைத்து, பணம் முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். ஒரு டியூபும் பம்பும் உங்கள் முதுகுப்பையிலேயே இருக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நான் செய்துவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், ரத்னகிரிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இந்த வாரம் கொடுக்கப்போகிறேன். என்னோடு குஹாகரிலிருந்து வந்தவர்கள் இதைப் படித்தால், அந்த 1,600 ரூபாய் ஓட்டல் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு இணைக்க வேண்டும்.