வாணலியா, பொதியா, புளிக்குழம்பா? டிராகன்ஸ்பெர்க் கூடாரத்தில் ட்ரவுட்

வாணலியில் பொரித்தாலும், அலுமினியத் தாளில் பொதிந்து தணலில் சுட்டாலும், புளிக்குழம்பு வைத்தாலும் கழுவும் வேலை ஒன்றுதான். குளிர்ந்த மலை ஓடை மீனான ட்ரவுட்டின் செதில் மிகப் பொடி, சுரண்ட வேண்டாம். வழுவழுப்பை மட்டும் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து எடுங்கள். கழிவுத்துளையிலிருந்து தாடை வரை கத்தி முனையை மேலாக ஓட்டினால் போதும். ஆழமாக இறங்கினால் பித்தப்பை உடைந்து வயிற்றுச் சதை கசந்துவிடும். செவுளையும் குடலையும் எடுத்தபின் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். உறைந்த இரத்தம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; அது சிறுநீரகம். மேல் சவ்வைக் கீறிக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் வழித்தால் கையோடு வந்துவிடும். கழிவை ஓடையில் எறியாமல் பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைப் பூங்காவுக்குள் திறந்த தீ மூட்டத் தடை. ஆகவே அங்கே கேஸ் அடுப்பில் வாணலியா குழம்பா என்பதுதான் கேள்வி.

பிடித்து ஓரிரு மணி நேரமே ஆன மீனுக்கு வாணலியே சரி. ஒரு தொல்லை உண்டு: புது மீனின் தோல் சூட்டில் சுருங்கி மீன் வில்லாக வளையும், நடுப்பகுதி எண்ணெயில் படாது. இரு பக்கமும் எலும்பு தொடும்படி மூன்று சாய்வெட்டுப் போட்டு, முதல் ஒரு நிமிடம் கரண்டியால் அழுத்திப் பிடியுங்கள். 300 கிராம் மீனுக்கு உப்பு அரைத் தேக்கரண்டி, டர்பன் மசாலா (டர்பன் நகரத்துக் காரக் குழம்புப் பொடி) ஒரு தேக்கரண்டி, மீலிமீல் (மக்காச்சோள மாவு) ஒரு மேசைக்கரண்டி. மாவு கலக்காத மிளகாய்த்தூள் எண்ணெயில் கருகி இருமல் கிளப்பும். பக்கத்துக்கு நான்கு நிமிடம். மீன் ஒட்டினால் ஈரம் துடைக்கவில்லை, அல்லது எண்ணெய் காயவில்லை. சின்ன அடுப்பு நடுவில் மட்டும் எரிப்பதால் வாணலியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

குழம்பு, பொடி மீன் நிறையக் கிடைத்த நாளுக்கு. 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். வெங்காயமும் தக்காளியும் அதில் குழைய நேரமாகும், கேஸ் தீரும். வீட்டிலேயே வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, மசாலாவை எண்ணெய் பிரிய வதக்கி டப்பாவில் எடுத்துப் போவதே புத்திசாலித்தனம். 600 கிராம் மீனுக்கு நெல்லிக்காயளவு புளி, ஒன்றரைக் கப் தண்ணீர். கொதித்தபின் மீனைப் போட்டு ஆறு நிமிடம். கிளறாமல் பாத்திரத்தைச் சுழற்றுங்கள். பூச்சில்லாத அலுமினியப் பாத்திரம் ஆகாது. புளி உலோகத்தை அரித்துக் குழம்பில் தகரவாடை ஏற்றும்.

அதே காரணத்தால் அலுமினியத் தாள் பொதிக்குள்ளும் புளி, எலுமிச்சை வேண்டாம், பிரித்தபின் பிழியுங்கள். பொதி என்பது தீ மூட்ட அனுமதியுள்ள இடத்துக்கான வழி: இரட்டைத் தாள், சாம்பல் பூத்த தணல், பக்கத்துக்கு ஏழு நிமிடம். மசாலா கருகாது. ஆனால் மீன் ஆவியில் வேகிறது, தோல் தொளதொளத்துப் போகும். மொறுமொறுப்பான தோலுக்காகவே ட்ரவுட் தின்பவருக்கு இது நஷ்டம்.

கடற்கரைக் கூடாரத்தில் ஷாட் என்ற கடல்மீனைப் பிடித்தால் கணக்கு மாறும். அதன் சதை சீக்கிரம் இளகும். பிடித்தவுடன் செவுளருகே வெட்டி இரத்தம் வடிக்காவிட்டால் மாலைக்குள் குழைந்து, வாணலியில் திருப்பும்போதே உடையும், குழம்பிலும் கரையும். அதற்குப் பொதிதான். 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 தான். அக்டோபர், நவம்பரில் பிடிக்கவே கூடாது.